ஆய்வுக் கட்டுரையில் கைடு பெயர்: விதிகள் வளர்த்த வழக்கம்

ஆய்வுக் கட்டுரையின் மேல் யார் பெயர் வரலாம்? பேராசிரியர்கள் பலரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "நான் கைடு, என் பெயர் இல்லாமலா?" மரபு என்பார்கள். இந்த மரபுக்குத் தீனி போட்டது பல்கலைக்கழக மானியக் குழு.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை 2005-06-இல் தொடங்கியது. 2009-இல் ஒரு விதி வந்தது: ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏபிஐ மதிப்பெண் முறை. கூட்டாக எழுதிய கட்டுரையின் மதிப்பெண்ணில் 60 விழுக்காடு முதன்மை ஆசிரியருக்கும் நெறியாளருக்கும். மீதி 40 மற்றவர்களுக்கு. நெறியாளர் என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. அவர் என்ன எழுதினார் என்ற கேள்விதான் இல்லை. மாணவருக்குக் கட்டுரை வேண்டும், ஆசிரியருக்கு மதிப்பெண் வேண்டும், உதவித்தொகைப் படிவத்தில் போட வேண்டிய கையெழுத்தும் ஆசிரியருடையது. "உங்கள் பெயர் வேண்டாம் சார்" என்று எந்தத் தலித் மாணவர் சொல்லிவிட முடியும்?

(அப்போது மானியக் குழுவின் தலைவர் சுகதேவ் தோரட். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007-இல் பதிவு செய்த குழுவின் தலைவரும் அவரே. அவர் காலத்திலேயே இது வந்தது என்பது உறுத்துகிறது.)

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 1985-லேயே இதற்கு வரையறை எழுதத் தொடங்கியது. மேற்பார்வை பார்த்ததோ நிதி வாங்கித் தந்ததோ மட்டும் போதாது என்கிறது அது. தரவு திரட்டியது மட்டும் போதாது என்றும் சொல்கிறது. இதைச் சமூகவியலுக்கு அப்படியே எடுக்க முடியாது. சேரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி நம்பிக்கை பெறுவதே எங்கள் துறையில் பாதி ஆய்வு.

2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகள் வந்தன. பிற எழுத்தோடு 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கை. மாணவர் புதிதாக எழுதியதன் மேல் இன்னொருவர் பெயர் ஏறினால் மென்பொருளுக்கு என்ன தெரியும்? அதே ஆண்டின் பதவி உயர்வு விதி, இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடும் மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் தந்தது. முன்பு மற்றவர்கள் 40-ஐப் பங்கு போட்டார்கள்; இப்போது எத்தனை பெயரைச் சேர்த்தாலும் யாருக்கும் குறையாது.

2022 விதிகள் மாணவருக்கான கட்டாயக் கட்டுரையை நீக்கின. நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது என்பது அப்படியே இருக்கிறது.