கடல் கடந்து வந்த சித்தியர்

தாய் தந்தையரை இழந்த குழந்தை எந்நாட்டில் அழுதாலும் அவ்வழுகை ஒன்றுபோலவே ஒலிக்கும். அழுகை ஓய்ந்து அது பேசத் தொடங்கும்போதோ, தன் ஊர் மொழியிலேயே பேசும். அம்மொழியை அறியாதவர் அதற்குச் சோறூட்டலாம். உடுக்க ஆடை தரலாம். அதன் உள்ளத்து அச்சத்தைக் கேட்டறிதல் இயலாது. அயல்நாடு சென்று ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணிய கிறித்துவ ஊழியர்களின் வரலாற்றைக் கற்பார் முதற்கண் உணர்வது இதுவே. பிறந்த மண்ணை விட்டுத் தொலைநகரில் வாழும் நமக்கு அவ்வரலாறு தனிப்பட்ட பொருளும் உடையது. அயலாராய் ஓர் ஊரினுள் நுழைந்து, அங்குள்ளார்க்கு உறவினராதல் எவ்வாறு என்னும் வினா அதனுள் பொதிந்து கிடக்கின்றது. அவ்வினாவிற்கு நெல்லைச் சீமைச் சிற்றூர் ஒன்று தந்த விடையை ஈண்டுக் காண்போம்.

ஹாலே நகரில் விழுந்த வித்து

ஜெர்மனியின் ஹாலே நகரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகஸ்த் ஹெர்மன் பிராங்கே என்னும் குருவானவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றும், அதனை அடுத்து அநாதை இல்லம் ஒன்றும் நிறுவினார். 1698இல் அவ்வில்லத்தின் பெருங்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அவ்விடத்தில் எழுந்த அருள் உணர்வு இரு திசைகளிற் கடல் கடந்தது.

ஒன்று நம் தமிழகத்திற்கு வந்தது. ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ்ச் சிறாரோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி நம் நெடுங்கணக்கைக் கற்றார் அவர். ஏழைச் சிறார்க்கு உணவும் உடையும் கல்வியும் ஒருங்கே அளிக்கும் அறப்பள்ளிகளை அவ்வூரில் தொடங்கினார்.

மற்றொன்று இங்கிலாந்திற்குச் சென்றது. ஹாலேயில் இறையியல் பயின்ற ஜார்ஜ் முல்லர் என்னும் ஜெர்மானியர் 1829இல் இங்கிலாந்தை அடைந்து, 1836இல் பிரிஸ்டல் நகரில் வாடகை வீடொன்றில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். எவரிடமும் கைநீட்டிப் பொருள் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பன அவர் கொண்ட நெறிகள். 1898இல் அவர் மறைவதற்குள் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பிள்ளைகள் அவ்வில்லங்களில் வளர்ந்து வெளியேறினர். கிறித்துவ ஊழியர் என்றால் மேலை நாட்டினின்று கீழை நாட்டிற்கு வருபவர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். முல்லரோ ஒரு மேலை நாட்டினின்று மற்றொரு மேலை நாட்டிற்குச் சென்று, இலண்டன் அரசு ஆண்ட மண்ணிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். வறுமைக்குத் திசையில்லை.

முல்லரின் நெறியைத் தம் நெறியாக ஏற்றுத் தமிழகம் வந்தவரே, நாம் சிறப்பாகக் காணவிருக்கும் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அயர்லாந்திலிருந்து நெல்லைக்கு

அம்மையார் 1867 திசம்பர் 16ஆம் நாள் வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூரான மில்லைலில் பிறந்தார். உடன் பிறந்தார் எழுவருள் மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர், 1885இல் காலமானார். இளம் பருவத்திலேயே பெல்பாஸ்ட் நகரின் நூலாலைப் பெண்களிடையே தொண்டாற்றத் தொடங்கிய அம்மையார், 1893இல் ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலம் இடங்கொடாமையால் அங்கு நெடுநாள் தங்க இயலவில்லை. இலங்கையிற் சில காலம் தங்கித் தாயகம் திரும்பினார். 1895 நவம்பரில் சென்னைக்குக் கப்பலில் வந்து, பெங்களூரில் ஓராண்டு கழித்து, 1896இன் இறுதியில் திருநெல்வேலியை அடைந்தார்.

தாமஸ் வாக்கர் என்னும் ஊழியர் அவருக்குத் தமிழ் கற்பித்தார். தமிழ் எளிதில் வசப்படவில்லை. ஆயினும், மொழி கைவராமல் பணி இல்லை என்னும் உறுதியோடு நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார். தமிழ்ப் பெண்டிரைப் போலச் சேலை உடுத்து, பொன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண் முதலான தமிழ்த் தோழியரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அப்பொழுது அவர் கருதி வந்த வேலை சமயம் பரப்புவதேயன்றிப் பிள்ளை வளர்ப்பது அன்று.

1901 மார்ச்சு மாதத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவோமோ என்று அஞ்சித் தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னரும் ஒருமுறை அவள் தன் தாயிடம் ஓடிச் சென்றதும், மீட்டுக் கொண்டுவரப்பட்டுக் கைகளிற் சூடு போடப்பட்டதும் அம்மையாரின் எழுத்துகளால் அறியப்படுகின்றன. அச்சிறுமியின் வாய்மொழியைக் கேட்டறிந்த பின்னர் அம்மையாரின் வாழ்வு திசை மாறிற்று. ஐந்தாண்டுத் தமிழ்ப் பயிற்சி இல்லாதிருப்பின் அவ்வாய்மொழி அவர் செவிக்கு வெற்றொலியாய்ப் போயிருக்கும்.

டோனாவூர்க் குடும்பம்

களக்காட்டுக்கு அணித்தே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது டோனாவூர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரேனியஸ் என்னும் ஜெர்மானிய ஊழியர் அமைத்த சிற்றூர் அது. பொருளுதவி செய்த டோனா பிரபுவின் பெயரோடு நம் ‘ஊர்’ என்னும் சொல்லும் கூடி அதற்குப் பெயராயின. அவ்வூரையே அம்மையார் தம் இருப்பிடமாகக் கொண்டார்.

1904 முதல் கைக்குழந்தைகளும் வரலாயினர். பெரிய பிள்ளைகளை வளர்ப்பது வேறு. தாய்ப்பால் இன்றித் தவிக்கும் சிசுக்களைக் காப்பது வேறு. டோனாவூரில் அக்காலத்தில் மருத்துவமனை இல்லை. ஆதலின் நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி ஒரு குழந்தைக் காப்பகம் அமைத்து, அதன் பொறுப்பைப் பொன்னம்மாளிடம் ஒப்படைத்தனர். கொள்ளைநோயாற் பல சிசுக்கள் மாண்டதும் உண்டு. பாலைக் காய்ச்சும் முறை, அளக்கும் முறை, கலங்களைத் தூய்மை செய்யும் முறை ஆகியவற்றை விடாது கற்றுக் கடைப்பிடித்த பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்டிரின் உழைப்பே எஞ்சிய சிசுக்களைப் பிழைக்க வைத்தது. 1915இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். டோனாவூரின் புகழில் பாதி அவருக்கு உரியது எனின் மிகையன்று.

1913 அளவில் ஏறத்தாழ 130 பெண்பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். நாடகக் குழுக்கள் முதலியவற்றில் சிக்கிச் சீரழியும் சிறுவர்களையும் காத்தல் வேண்டும் என்று கருதி, 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் ஏற்றனர். ‘டோனாவூர் ஐக்கியம்’ என்னும் தனி அமைப்பு 1920களின் பிற்பகுதியில் உருவாயிற்று. ஊழியர்க்குச் சம்பளம் இல்லை. பொருள் வேண்டி விண்ணப்பம் விடுவதும் இல்லை.

அங்கு வழங்கிய முறைப்பெயர்களே நம் கருத்தை மிகவும் ஈர்ப்பன. ஏமி அம்மையாரைப் பிள்ளைகள் ‘அம்மா’ என்றனர். பிள்ளைகளைப் பேணிய தமிழ்ப் பெண்டிர் ‘அக்காள்’ ஆயினர். பிரிட்டன் முதலிய நாடுகளினின்று வந்த வெள்ளைப் பெண்மணிகள் ‘சித்தி’ என்றும், ஆடவர் ‘அண்ணாச்சி’ என்றும் அழைக்கப்பட்டனர். ‘மேடம்’ என்றும் ‘துரைசாணி’ என்றும் நாடே கைகட்டி நின்ற காலம் அது. அக்காலத்தில் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை நெல்லைச் சிறுமி ‘சித்தி’ என்று கூப்பிட்டாள் என்பது சிறிய செய்தி அன்று. சித்தி என்பவள் தாயின் தங்கை; தாய்க்கு அடுத்த உரிமை உடையவள். அவ்வுரிமையோடு கடமையும் வந்தது. பிறந்த நாள் இன்னதென்று அறியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் அங்கு வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் திருநாளாகக் கொண்டாடப்பட்டது.

கண்டனங்களும் மறுபக்கமும்

இப்பணி கண்டனமின்றி நடைபெறவில்லை. 1903இல் அம்மையார் வெளியிட்ட நூல், ஊழியக் களத்தின் தோல்விகளை ஒளிவுமறைவின்றிக் கூறியமையால், சக ஊழியர் சிலரே அவரைத் தாயகத்திற்குத் திருப்பி அனுப்ப முயன்றனர். பிள்ளைகளைக் கவர்ந்து சென்றார் என்னும் குற்றச்சாட்டும் வழக்கும் அவரைத் தொடர்ந்தன. ஒரு வழக்கில் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் 1911இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நிறைவேறுமுன் அச்சிறுமி மாறுவேடத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டாள். சட்டத்தை மதிக்கும் நமக்கு இச்செயல் உறுத்தவே செய்யும். ஆயினும், அச்சிறுமியை எதிர்நோக்கி இருந்ததாக அம்மையார் நம்பிய வாழ்வை எண்ணும்போது, எளிதில் தீர்ப்புக் கூறவும் நா எழவில்லை.

அடைக்கலம் புகுந்த குழந்தை அவ்வில்லத்தின் சமயத்திலேயே வளர்க்கப்பட்டது என்பதும் மறைக்கத்தக்கது அன்று. தன் சமயத்தைத் தானே தேரும் வயது வாராத பிள்ளையின் நிலையில் நின்று எழுப்பப்படும் அவ்வினா நேர்மையானது. இன்றும் விடை வேண்டி நிற்பது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தோர் அயல்நாட்டார் மட்டுமே என்று எண்ணுதலும் பிழை. அக்குலத்துத் தாய்க்குப் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் முழங்கினார். 1930ஐ ஒட்டி அவ்வை இல்லத்தை நிறுவிப் பெண்களுக்குப் புகலிடம் தந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் பேசியும் 1936இல் புதினம் எழுதியும் போராடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர், தம் குலத்தின் கலைச் செல்வமும் சொத்துரிமையும் பறிபோகும் என்று மறுத்துரைத்ததும் வரலாறே. இறுதியில், 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அவ்வழக்கத்தைத் தடை செய்தது. அடைக்கலம் தருதல் ஓர் இல்லத்தால் இயலும். அடைக்கலம் தேடவேண்டிய நிலையை மாற்றுதல் அம்மண்ணின் மக்களால், சட்டத்தால் நிகழவேண்டியது. இரண்டும் அன்று தேவைப்பட்டன.

நிலைத்திருத்தல் என்னும் அறம்

1895இல் இந்திய மண்ணில் கால்வைத்த ஏமி அம்மையார் ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை. இரண்டாண்டிற்கு ஒருமுறை வரும் விடுமுறைப் பயணச் சலுகையை எதிர்நோக்கி நாட்காட்டியைக் கிழிக்கும் நம்மனோர்க்கு அதன் அருமை நன்கு விளங்கும். 1919இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டபோதும் பட்டமளிப்பு விழாவிற்கு அவர் செல்லவில்லை. 1931இல் கீழே விழுந்து காலொடிந்தது முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார். பல நூல்கள் அங்கிருந்தே எழுந்தன. 1951 சனவரி 18ஆம் நாள் மறைந்தார். தம் கல்லறைமேல் கல் நாட்டலாகாது என்று அவர் வேண்டியிருந்தார். ஆகவே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே அங்கு வைக்கப்பட்டது. தாயைக் குறிக்கும் ஒரே சொல் அதன்மேற் பொறிக்கப்பெற்றது. அவர் தொடங்கிய பணியைப் பின்னர் இந்தியரே பொறுப்பேற்று நடத்தலாயினர்.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்திய மண்ணிலேயே இருந்தமையால் விளைந்த நன்மை யாது? பிள்ளை வளர்ந்து பெரியவளாகி, ‘என்னை ஏன் இவ்வாறு வளர்த்தாய்?’ என்று கேட்கத் திரும்பி வந்தாலும், கேட்கப்பட வேண்டியவர் அங்கேயே இருந்தார். நிலைத்திருப்பவரிடமே கணக்குக் கேட்க இயலும். அவர் செய்தவற்றுள் நல்லனவும் அல்லனவும் அவர் கண்முன்னரே விளைந்தன.

இக்காலத்தில் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. செல்வ நாடுகளின் இளைஞர்கள் சின்னாட்கள் விடுமுறையில் ஏழை நாடுகளின் அநாதை இல்லங்களுக்குச் சென்று, பிள்ளைகளை மடியில் இருத்தி மகிழ்ந்து, பின் விமானம் ஏறிவிடுகின்றனர். அவர்கள் நெஞ்சில் கள்ளம் இல்லை. எனினும், ஒட்டிப் பழகியவர் ஒருவர் பின் ஒருவராய் மறைவதைக் காணும் குழந்தை, இறுதியில் எவரையும் நம்பாத நெஞ்சினதாய் வளர்கின்றது. வருகையாளர் தரும் பொருளுக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் இல்லங்களில் சேர்க்கும் கொடுமை சில நாடுகளில் வெளிப்பட்டது. இத்தகைய தன்னார்வப் பயணங்களால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2019இல் நாடுகளை வேண்டிற்று. இயன்றவரை பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர்தல் வேண்டும், இல்லம் இறுதிப் புகலாகவே இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் நெறியும் ஆகும்.

நமக்கு உரியது

சங்கத்து அன்பர்களே! நம் இல்லங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை, பிள்ளையின் பிறந்த நாளன்று, அருகிலுள்ள அநாதை இல்லத்திற்கு இனிப்பும் சோறும் கொண்டு செல்லும் வழக்கம் பரவியுள்ளது. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை; பசிக்கு இட்ட சோறு வீண் போவதில்லை. அவ்வில்லத்துப் பிள்ளைகள் பேசும் மொழி இந்நகரின் மொழி. பல்லாண்டு இங்கு வாழ்ந்தும் அம்மொழியைக் கடைக்குரிய அளவே கற்றோர் நம்முட் பலர். அதனைச் செம்மையாகக் கற்று, வாரத்தில் ஒரு மாலை, ஆண்டுக்கணக்கில், ஒரே இல்லத்திற்குச் சென்று கணக்கும் எழுத்தும் சொல்லித்தர நம்முள் நால்வர் முன்வரின், அது ஆயிரம் இனிப்புப் பொட்டலங்களினும் பெரிது. மாற்றல் ஆணை வந்து ஒருவர் ஊர் மாற நேரின், அப்பணியை மற்றொருவர் ஏற்று நடத்தச் சங்கம் துணை நிற்கலாம்.

நம் பிள்ளைகள் இந்நகரில் அண்டை வீட்டாரைச் சித்தி என்றும் மாமா என்றும் அழைத்தே வளர்கின்றனர். உறவினர் அருகில் இல்லாத குறையை அச்சொற்களாலேயே நாம் நிறைவு செய்துகொண்டோம். அச்சொல்லின் தேவை நம் பிள்ளைகளினும் மிகுதியாக உடையவர் இல்லத்துப் பிள்ளைகளே. அவர்கள் தம் மொழியில் நம்மை அவ்வாறு அழைக்கும் நாள் வருமாயின், அவ்வழைப்பிற்குரிய கடமையை நாம் தட்டாமல் ஏற்போமாக.