64 கிலோபைட்டு எல்லை: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் எல்லைகளை இயற்கையின் எல்லைகளாகக் கொள்ளும் போக்கு இன்றும் வலுவாகவுள்ளது. அவற்றுட் பல, குறிப்பிட்டதொரு சூழலிற் செய்யப்பட்ட தெரிவுகளின் எச்சங்களே. கணனியின் சாதனச் செலுத்திகள் எதிர்கொள்ளும் தரவிடமாற்ற அளவெல்லையை இதற்கு உதாரணமாக நோக்குவோம்.

1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணனி, விரைவும் மலிவுங் கருதிப் பெரிதும் சந்தையிற் கிடைத்த உறுப்புகளாலேயே அமைக்கப்பட்டது. அவற்றுளொன்று இன்ரெல் 8237. செயலியின் இடையீடின்றித் தட்டுக்கும் நினைவகத்துக்குமிடையே தரவை நகர்த்தும் இச்சில்லு, முந்திய 8 பிட்டுச் செயலிகளின் காலத்துக்குரியது. அதன் முகவரியும் எண்ணியும் 16 பிட்டு அளவினவாதலால், ஒரு தடவையில் 64 கிலோபைட்டுக்கு மேல் நகர்த்த அதனால் இயலாது. புதிய கணனியின் முகவரிப் பரப்போ 1 மெகாபைட்டு. ஆகவே, முகவரியின் மேல் 4 பிட்டுகளுக்கெனத் தனியானதொரு பக்கப் பதிவகம் சேர்க்கப்பட்டது. ஆனால், சில்லின் முகவரி நிரம்பியதும் மிகுதி அப்பதிவகத்துக்குச் செல்வதில்லை. இடமாற்றம் அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்குள்ள பிற தரவை அழித்தெழுதும்.

பழைய உறுப்புக்கும் புதிய தேவைக்குமிடையிலான இம்முரண்பாட்டின் சுமை, செலுத்தியை எழுதுவோர் மீதே விழுந்தது. பெரிய கோரிக்கையைத் துண்டுகளாக்குதல், எல்லையைக் கடக்கும் பகுதியை இடைத்தாங்கியொன்றினூடாக நகலெடுத்தல் என்பன அவர்தம் வழிகளாயின. பயனர் ஒரு கோரிக்கையை விடுத்து ஒரு விடையையே பெறுகிறார். இடையில் நிகழும் உழைப்பு அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1984 இல் வந்த ஏ.ரி. கணனியில் முகவரிப் பரப்பு 16 மெகாபைட்டாக விரிந்தபோதும், அதே வகைச் சில்லும் அதன் பக்க எல்லையும் நீடித்தன. ஏலவே விற்பனையான மென்பொருள்களும் அட்டைகளும் தொடர்ந்து இயங்கவேண்டுமெனச் சந்தை வேண்டியமையே இதற்கு முக்கிய காரணமெனலாம். 1991 இல் தோன்றிய லினக்ஸ் பணிசெயல் முறைமையும், இச்சாதனங்களுக்கென முதல் 16 மெகாபைட்டைத் தனி வலயமாகப் பேணலாயிற்று.

எல்லைகள் யாவும் சந்தையின் படைப்புகளென நாம் வாதிடவில்லை. எப்பதிவகமும் ஓரளவில் முடிந்தேயாகவேண்டும். ஏ.ரி.ஏ. தட்டுக்கட்டளையொன்று முன்னர் 256 துண்டங்களை, அதாவது 128 கிலோபைட்டை, மட்டுமே நகர்த்தியது. 2002 இல் வெளிவந்த ஆறாவது நியமம் அதனை 65,536 துண்டங்களாக, 32 மெகாபைட்டாக, உயர்த்தியது. எல்லை அகன்றதேயன்றி அழியவில்லை. அது எவ்வளவில் நிறுத்தப்பட்டது, எத்தனை காலம் பேணப்பட்டது, அதன் செலவை யாருடைய உழைப்பு ஈடுசெய்தது என்பனவே தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் எழுப்பவேண்டிய வினாக்களாகும்.