பிள்ளை லோகாசாரியர்: இடம்பெயர்ந்த வாழ்வில் சரணாகதி

பிள்ளை லோகாசாரியர், திருவரங்கத்தில் வாழ்ந்த வைணவ ஆசாரியர். வடக்குத் திருவீதிப்பிள்ளையின் மகன். முமுட்சுப்படி, ஸ்ரீவசன பூஷணம் முதலிய பதினெட்டு ரகசிய நூல்களை இயற்றியவர். உயிரைக் காப்பது இறைவனின் பொறுப்பு, அவன் அருளுக்கு மனிதனின் தகுதி காரணமன்று என்பது அவரது சரணாகதிக் கொள்கை. இக்கொள்கை மனிதனைக் கைகட்டி நிற்கவைக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. அவரது இறுதிக்காலமே அதற்குத் தக்க விடை. 1323-ஆம் ஆண்டையொட்டி தில்லி சுல்தானியப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதிய வயதிலும் கோயிலின் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியுடன் அவர் தெற்கே புறப்பட்டார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் மறைந்தார், திருவரங்கம் திரும்பவேயில்லை.

அருள் தானே காக்குமென்றால் பெருமாளை மனிதர் ஏன் காக்க வேண்டும்? கேள்வி நியாயமானதே. ஆனால் லோகாசாரியர் விலக்கியது தன் மீட்சிக்காகத் தானே செய்யும் முயற்சியை, இறைவனுக்குச் செய்யும் தொண்டான கைங்கரியத்தை அன்று. தன் கதியைப் பற்றிய கவலை நீங்கியவனுக்கே பிறர்பொருட்டு ஆபத்தில் இறங்கும் துணிவு எளிதாகிறது. மற்றொரு வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர், அருள் பற்றிய இக்கொள்கையை முழுதும் ஏற்கவில்லை. அருளுக்கு மனிதன் தரப்பில் ஒரு சாக்காவது வேண்டும் என்றார். லோகாசாரியரின் பயண விவரங்கள் பெரிதும் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு, ஆசாரியர் வரலாறு கூறும் குருபரம்பரை நூல்கள் வழியே வருபவை, பக்திப் பூச்சு கலந்தவைதான். எனினும் 1371-இல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் நம்பெருமாளைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்ததைத் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. லோகாசாரியர் அந்த முடிவைக் காணாமலே நம்பினார்.