பெங்களூருல பி.டி.எஸ் படிச்சா நீங்க கர்நாடகா ஆள் ஆயிடுவீங்களா?

அவனியாபுரத்துல ப்ளஸ் டூ முடிச்சு, நீட் எழுதி, பல் டாக்டர் ஆகணும்னு இருக்கீங்க. மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அரசுக் கல்லூரின்னா சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டைன்னு வெளியூர்தான். அதனால பெங்களூரு, கோழிக்கோடுன்னு வெளிமாநில சீட் வந்தாலும் வீட்டுல யோசிப்பாங்க. உடனே யாராவது ஒரு மாமா ஐடியா சொல்வார்: "அஞ்சு வருஷம் அங்கதானே இருக்கப்போறே, ஆதார்ல அந்த ஊர் அட்ரஸை மாத்திடு, ஃபீஸ் குறையும்!"

குறையாது. அந்தக் கதை அமெரிக்காவுல இருந்து வந்தது. அங்கே மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு வேற கட்டணம். பெரும்பாலும் ஒரு வருஷம் தங்கி, அங்கேயே குடியிருப்பதை நிரூபிச்சா சில மாநிலங்களில் குறைந்த கட்டணத்துக்கு மாறலாம். நம்ம ஊர்ல நீங்க எந்த கோட்டாவுல சேர்ந்தீங்களோ, அதுதான் கடைசி வரைக்கும். நடுவுல அட்ரஸ் மாத்தினா சீட்டோட வகை மாறாது.

இங்கே கணக்குல வர்றது காலேஜ் அட்ரஸ் இல்லை, நீங்க படிச்ச ஸ்கூல். கர்நாடக அரசு ஒதுக்கீட்டுக்கான முக்கியமான வழி, ஒண்ணாவதுல இருந்து ப்ளஸ் டூக்குள்ள குறைந்தது 7 வருஷம் அங்கே படிச்சிருக்கணும்கிறது. தமிழ்நாட்டுல ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எங்கே படிச்சீங்கன்னு பார்ப்பாங்க. நடுவுல ரெண்டு வருஷம் வெளிமாநிலத்துல படிச்ச தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நேட்டிவிட்டி சான்றிதழ் காட்டணும். இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சா தாசில்தார் கொடுப்பார். ரெண்டு மாநிலத்துலயும் 'நான் உள்ளூர்தான்'னு விண்ணப்பிக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம், சீட்டே போயிடும்.

அப்போ வெளிமாநிலத்துக்குப் போக எது வழி? அரசுக் கல்லூரிகளின் 15% அகில இந்திய ஒதுக்கீடு. 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதுல இருந்து வந்தது இது. இந்தியாவுல எல்லாருக்கும் ஒரே டொமிசைல்தான், மாநிலத்துக்கு ஒண்ணு கிடையாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. ஆனா, இளநிலைப் படிப்புல ஓரளவு உள்ளூர் முன்னுரிமையை அது ஏத்துக்கிச்சு. இது தவிர நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டுகள் இருக்கு. அவற்றுக்கும் எம்.சி.சி கவுன்சலிங்தான், எந்த ஊர்னு கேட்க மாட்டாங்க. ஃபீஸைக் கேட்டா நமக்குத்தான் பல் கூசும்.

சாதிச் சான்றிதழ்ல கவனம்

நிறைய பேர் இடறி விழுற இடம் இது. தமிழ்நாட்டுல பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. அகில இந்திய ஒதுக்கீட்டில் 2021-ல் வந்த 27% ஓ.பி.சி. இடத்துக்கு, உங்க சமூகம் மத்தியப் பட்டியல்ல இருக்கணும். மத்திய அரசு படிவத்துல கிரீமிலேயர் இல்லைங்கிற ஓ.பி.சி. சான்றிதழும் வேணும். கவுன்சலிங் தேதி வந்தப்புறம் வாங்க அலையாதீங்க.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 1990-ல் வந்த மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு முக்கியம். ஆந்திராவுல பழங்குடிப் பட்டியல்ல இருந்த சமூகத்து மாணவர். அப்பா வேலைக்காக மும்பைக்குக் குடிபெயர்ந்த குடும்பம். மும்பை மருத்துவக் கல்லூரியில எஸ்.டி. இடம் கேட்டார். சொந்த மாநிலத்துல கிடைக்கிற அந்தஸ்து குடிபெயர்ந்த மாநிலத்துக்குக் கூடவே வராதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எத்தனை வருஷம் அங்கே இருந்தாலும் இதுதான். அதே நேரம், எஸ்.சி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, எங்கே படிச்சாலும் சொந்த மாநிலம்தான் கொடுக்கும். நிரந்தர முகவரியை மாத்துறதுக்கு முன்னாடி இதையும் யோசிங்க.

அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்சவரா நீங்க? 7.5% உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டு கவுன்சலிங்ல மட்டும்தான். அதுல சேர்ந்தா கட்டணத்தை அரசே ஏத்துக்குது. பெங்களூரு அரசுக் கல்லூரி சீட் எவ்வளவு கெத்தா இருந்தாலும், இந்த வழியில கிடைக்கிற சீட்டோட ஒப்பிட்டுப் பார்க்காம 'ஓகே' அழுத்தாதீங்க. என்னைக் கேட்டா, 7.5%-ல இடம் கிடைக்கிற பிள்ளை ஊரை விட்டுப் போறதுக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எம்.சி.சி.யில முதல் சுற்றுல விலகுறது சுலபம். போகப் போக டெபாசிட் போகும், ஒரு கட்டத்துக்கு மேல விலகவே முடியாது. அந்த வருஷ பிராஸ்பெக்டஸைப் படிச்சே ஆகணும்.

போன பிறகு எதை மாத்தணும்?

ரேஷன் கார்டுல பேர் அப்படியே இருக்கட்டும். ஓட்டு உங்க இஷ்டம். ஒரு வருஷத்துக்குக் குறையாத படிப்புன்னா ஹாஸ்டல் முகவரியிலயும் பதியலாம், வீட்டுலயே வெச்சுக்கலாம். ரெண்டு இடத்துல மட்டும் இருக்கக் கூடாது. மாத்தணும்னா படிவம் 8. கல்லூரியில போனஃபைடு வாங்கி வெச்சுக்கோங்க.

வண்டி கொண்டு போறீங்களா? TN 58 பைக் வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல நின்னா, அங்கே மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. அதுக்கு இங்கே ஆர்.டி.ஓ.வுல என்.ஓ.சி. வாங்கணும், அங்கே வரி கட்டணும். பழைய பைக்குக்கு அது தேவையில்லாத செலவு. அவனியாபுரத்துலயே நிக்கட்டும், பொங்கல் லீவுல ஜல்லிக்கட்டுக்கு வர்றப்ப ஓட்டிக்கலாம்.

எம்.டி.எஸ். ஆசை இருந்தா இன்னொரு விஷயம். 2025 ஜனவரி 29-ல், முதுநிலை மருத்துவப் படிப்புல குடியிருப்பு அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. படிச்ச கல்லூரியை வெச்சு ஓரளவு முன்னுரிமை கொடுக்கலாம்னும் சொல்லியிருக்கு. ஆக, எந்த மாநிலத்துல பி.டி.எஸ். முடிச்சீங்கங்கிற கேள்வி பின்னாடியும் வரலாம்.

நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஊர்லயே கிளினிக் போடணும்னா, பதிவு தமிழ்நாடு டென்டல் கவுன்சில்ல இருக்கணும். வேற மாநிலத்துல பதிஞ்சிருந்தா இங்கே மாத்திக்கலாம். போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க.