கோடை வேலையும் கோடை வகுப்பும்: ஓர் அமெரிக்கத் திட்டம் அளக்கப்பட்ட வரலாறு

ஏழைக் குடும்பத்து இளையோருக்குக் கோடை விடுமுறையில் அரசுச் செலவில் வேலையும் பயிற்சியும் தரும் வழக்கம் அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதனால் விளைந்த பயன் என்ன என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தந்த விடைகள் ஒன்றோடொன்று மோதுவனபோல் தோன்றும். நெடுங்காலப் பயன் எதுவும் இல்லை என்றது 1992இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை. வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 43 விழுக்காடு குறைந்தன என்றது 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு. இரண்டுமே குலுக்கல் முறையில் இளையோரைப் பிரித்து, முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகள். இந்த முரண்பாட்டுக்கு விடை புள்ளியியலில் இல்லை. எதனோடு எது ஒப்பிடப்பட்டது என்பதில் இருக்கிறது. அதை அறியத் திட்டத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1964 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வறுமைக்கு எதிரான போர் என்று அவர் அறிவித்த பெருந்திட்டத்தின் அடித்தளம் அச்சட்டம். அதன்கீழ் உருவான ‘நெய்பர்ஹுட் யூத் கார்ப்ஸ்’ என்ற அமைப்பு, வருமானம் குறைந்த குடும்பத்து இளையோருக்குப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பூங்காக்களிலும் நூலகங்களிலும் ஊதியத்துடன் வேலை தந்தது. கையில் சிறிது பணம் இருந்தால் மாணவர் படிப்பை இடையில் நிறுத்தமாட்டார் என்பதே தொடக்க காலக் கருத்து.

அக்கருத்தை நிகழ்வுகள் விரைவில் பின்னுக்குத் தள்ளின. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியிலும், 1967 ஜூலையில் நியூவார்க், டெட்ராய்ட் நகரங்களிலும் கலவரங்கள் வெடித்தன. எல்லாமே கோடையில் நிகழ்ந்தவை. அவற்றை ஆராய அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968இல் தந்த அறிக்கை, கறுப்பின மக்களின் மிகக் கடுமையான குறைகளாகக் காவல்துறையின் நடத்தை, வேலையின்மை, மோசமான குடியிருப்பு ஆகிய மூன்றையும் குறித்தது. அது முதல் கோடை வேலைக்கு வேறொரு பொருள் ஏறியது. வெயில் காலத்தில் தெருவில் நிற்கும் இளையோரை வேலைக்குள் அழைத்துக்கொண்டால் நகரம் அமைதியாக இருக்கும் என்று அரசியலாளர் எண்ணினர். இளையோரின் எதிர்காலத்துக்கான முதலீடாகத் தொடங்கியது, நகரத்தின் அமைதிக்கான காப்பீடாகப் பார்க்கப்படலாயிற்று.

இந்த எண்ணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தெருவிலிருந்து அகற்றுவதே போதுமென்றால், கொடுக்கப்படும் வேலையின் தரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 1973இல் இயற்றப்பட்ட சீட்டா என்ற வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டத்தின்கீழ் இத்திட்டம் தொடர்ந்தபோது குறைகள் வெளிப்பட்டன. பல பணியிடங்களில் உருப்படியான வேலையோ தக்க மேற்பார்வையோ இல்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1979இல் சுட்டிக்காட்டியது. ரீகன் ஆட்சியில் 1982இல் சீட்டாவுக்கு மாற்றாக வேலைப் பயிற்சிக் கூட்டுச் சட்டம் வந்தது. அதிலும் கோடைத் திட்டம் தனிப்பிரிவாக நிலைத்தது. ஆனால் வெறும் வேலை போதாது என்ற கருத்து அப்போது வலுத்திருந்தது.

அக்கருத்துக்கு அறிவுலகின் துணையும் இருந்தது. அட்லாண்டா நகரப் பள்ளி மாணவரை ஆராய்ந்த சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் 1978இல் தம் நூலை வெளியிட்டார். ஏழை மாணவருக்கும் வசதியான மாணவருக்கும் இடையிலான கல்வி இடைவெளி பள்ளி நடக்கும் மாதங்களைவிடக் கோடையில்தான் மிகுதியாக விரிகிறது என்பது அவர் காட்டிய உண்மை. பள்ளி மூடப்பட்டிருக்கும்போது ஒரு குழந்தை நூலகத்துக்குச் செல்கிறது. மற்றொன்று கற்றதை மறக்கிறது. அப்படியானால் கோடை வேலையோடு கோடை வகுப்பையும் சேர்த்தால் என்ன?

அந்தக் கேள்வியின் விளைவே 1985இல் தொடங்கிய ‘ஸ்டெப்’ என்ற கோடைப் பயிற்சி, கல்வித் திட்டம். பிலடெல்பியாவைச் சேர்ந்த ‘பப்ளிக் பிரைவேட் வென்ச்சர்ஸ்’ என்ற ஆய்வு நிறுவனம் பாஸ்டன், ஃபிரெஸ்னோ, போர்ட்லண்ட், சான் டியாகோ, சியாட்டில் ஆகிய ஐந்து நகரங்களில் இதை நடத்தியது. படிப்பில் பின்தங்கிய, வறிய குடும்பத்து 14, 15 வயதினர் இதில் சேர்க்கப்பட்டனர். நாளின் ஒரு பாதி வேலை. மறுபாதி வாசிப்பும் கணிதமும். கோடையில் சுமார் 90 மணி நேரம் பாடத்துக்கு ஒதுக்கப்பட்டது. போதைப்பொருள், பாலுறவு, குடும்பப் பொறுப்பு ஆகியவை பற்றிய வாழ்க்கைத் திறன் வகுப்புகளும் இருந்தன. அடுத்தடுத்த இரண்டு கோடைகளுக்கு ஒவ்வொருவரும் இதில் பங்கேற்றனர்.

முதற்கட்ட முடிவுகள் ஊக்கமளித்தன. கோடை முடிவில், திட்டத்தில் இருந்தவர்கள் கட்டுப்பாட்டுக் குழுவினரைவிட ஏறக்குறைய அரை வகுப்பு அளவுக்கு வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னே நின்றனர். இதற்கிடையில் 1986இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கோடைத் திட்டத்தில் சேருவோரின் வாசிப்பு, கணிதத் திறனை மதிப்பிடவும் தேவைப்படுவோர்க்குக் குறைநீக்கக் கல்வி தரவும் வகைசெய்தது. நெடுங்கால முடிவுகள் வருமுன்பே ஸ்டெப் மாதிரி வேறு பல ஊர்களுக்கும் பரவியது.

1992இல் அந்த நெடுங்கால முடிவுகள் வந்தன. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பள்ளிப் படிப்பை முடித்தல், வேலைவாய்ப்பு, இளவயதுத் தாய்மை ஆகிய எதிலும் இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை. கோடையில் பெற்ற முன்னேற்றம் அதன்பின் வந்த பள்ளி ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. பத்து மாதம் தொடரும் குறையை இரண்டு மாத வகுப்பால் ஈடுசெய்ய முடியாது என்பதே பரவலாகப் பெறப்பட்ட பாடம். அப்பாடம் தவறன்று. ஆனால் அதைச் சொன்ன வேகத்தில் ஆய்வின் அமைப்பு மறக்கப்பட்டது.

ஸ்டெப் ஆய்வின் கட்டுப்பாட்டுக் குழுவினர் வெறுங்கையுடன் வீட்டில் இருந்தவர்கள் அல்லர். அவர்களுக்கும் கோடை வேலை தரப்பட்டது, முழுநேர வேலை. எனவே அந்த ஆய்வு ஒப்பிட்டது வேலையும் வகுப்பும் சேர்ந்ததை, வேலை மட்டும் தந்ததோடு. வேலை பெற்றவரை வேலை பெறாதவரோடு அது ஒப்பிடவே இல்லை. வேறுபாடு இல்லை என்ற முடிவு கூடுதலாகச் சேர்த்த வகுப்பைப் பற்றியது. கோடை வேலை பயனுள்ளதா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை இருந்திருக்க வழியே இல்லை.

தொண்ணூறுகளில் இளையோர் பயிற்சித் திட்டங்களின்மீது ஐயம் பெருகியது. 1998இல் வந்த பணியாளர் முதலீட்டுச் சட்டம் கோடைத் திட்டத்துக்கான தனி நிதியை நீக்கி, கோடை வேலையை ஆண்டு முழுவதும் நடக்கும் இளையோர் சேவைகளின் கூறுகளுள் ஒன்றாகச் சுருக்கியது. 2009இல் பொருளாதார மீட்புச் சட்டம் இளையோர் திட்டங்களுக்கு 120 கோடி டாலர் வழங்கியபோது கோடை வேலைகள் நாடெங்கும் சிறிது காலம் தழைத்தன. மற்றபடி நியூயார்க், பாஸ்டன், சிகாகோ போன்ற நகரங்களே இவ்வழக்கத்தைத் தம் முயற்சியால் காத்துவந்தன.

கேட்கப்படாத கேள்வி அந்நகரங்களில்தான் கேட்கப்பட்டது. 2012 கோடையில் சிகாகோ நகரம், வன்முறை மிகுந்த பகுதிகளிலுள்ள 13 உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர் 1,634 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. தேர்வானவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை. வழிகாட்ட ஒரு பெரியவரும் உடனிருந்தார். மற்றவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. அடுத்த 16 மாதங்களில் திட்டக் குழுவினரிடையே வன்முறைக் குற்றக் கைதுகள் 43 விழுக்காடு குறைவாக இருந்தன. இக்குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்தபிறகு நிகழ்ந்தது. எனவே தெருவிலிருந்து அகற்றியதால் மட்டும் வந்த விளைவு என்று இதைக் கூறிவிட முடியாது. இவ்வாய்வைச் சாரா ஹெல்லர் 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வேலை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வாரத்தில் 10 மணி நேர வேலைக்குப் பதிலாக உணர்ச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி வகுப்பு தரப்பட்டது. இரு பிரிவினரின் விளைவும் ஏறக்குறைய ஒன்றே. வகுப்பைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பெரிய வேறுபாடில்லை என்பது ஸ்டெப் கண்ட அதே முடிவு! பாடம் வேறு, வயது வேறு, காலம் வேறு. ஆயினும் 1992ஆம் ஆண்டின் அறிக்கையும் 2014ஆம் ஆண்டின் ஆய்வும் முரண்படவில்லை. முன்னது கேளாத கேள்வியைப் பின்னது கேட்டது, அவ்வளவே.

நியூயார்க்கின் 2005 முதல் 2008 வரையிலான குலுக்கல்களைக் கெல்பர், ஐசன், கெஸ்லர் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. கோடை வேலை பெற்றவரின் பிற்கால வருமானம் உயரவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில் சற்றே குறைந்தது. கல்லூரிச் சேர்க்கையிலும் மாற்றமில்லை. ஆனால் அவர்கள் சிறை சென்றதும் இறந்ததும் குறைவு. வருமானத்தையும் சான்றிதழையும் மட்டும் அளந்திருந்தால் இத்திட்டம் தோல்வி என்றே எழுதப்பட்டிருக்கும். உயிரோடிருத்தல் என்பது பயிற்சித் திட்டங்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் வழக்கமாக இடம்பெறும் அளவுகோல் அன்று.

சிகாகோவில் கண்டது 1985ஆம் ஆண்டின் பாஸ்டனிலும் சியாட்டிலிலும் நிகழ்ந்திருக்கும் என்று இதனால் நிறுவ முடியாது. நிறுவத்தக்கது ஒன்றுதான்: ‘பயனில்லை’ என்ற ஆய்வு முடிவு எப்போதும் ‘எதைவிட?’ என்ற சொல்லையும் சேர்த்தே படிக்கப்பட வேண்டும். நாடாளுமன்றக் குழுவின் மேசைக்குப் போகும் சுருக்கக் குறிப்பில் முதலில் உதிர்வது அந்தச் சொல்லே.

இந்தியச் சூழலிலும் இது தொலைவான செய்தி அன்று. 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளையோருக்கு 500 பெருநிறுவனங்களில் உள்ளகப் பயிற்சியும் மாதம் 5,000 ரூபாயும் என்று அறிவித்தது. இத்தகைய திட்டங்களை நாளை மதிப்பிடப்போகும் மாணவர்கள், கட்டுப்பாட்டுக் குழுவில் இருப்பவர் கையில் என்ன இருந்தது என்பதை முதல் அட்டவணைக்கு முன்பே எழுதிவைப்பது நல்லது.