துரை வீட்டு மேசையும் கொட்டாங்குச்சியும்



2012இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், 'பாரிஸ்' என்னும் ஹோட்டலுக்குள் 'கார்டன் ராம்சே ஸ்டேக்' திறக்கப்பட்டது. தொலைக்காட்சியால் உலகப் புகழ் பெற்ற சமையல்காரரின் பெயரே அதன் முத்திரை. பச்சை மாட்டிறைச்சித் துண்டுகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, மேசைக்கே கொண்டுவந்து, எது எந்தப் பகுதிக் கறி என்று விளக்குவார்கள். பணமும் சந்தையும் வளர்ந்தால் உணவின் மீதுள்ள தீட்டு தானாகவே கழன்றுவிடும் என்பவர்கள் இத்தகைய மேசைகளைச் சான்று காட்டுகிறார்கள். நம் வரலாற்றைக் கொண்டு இதைச் சோதிப்போம்.

சென்னை மாகாணத்துக்கு இந்த மேசை புதிதல்ல. கம்பெனி காலத்திலேயே துரைமார் வீடுகளில் மாட்டுக்கறி சமைத்துப் பரிமாறிய பட்லர்களில் நம் முன்னோர் பலர். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவரிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். அடுக்களையில் நின்றவர் வீட்டில் சுவடியும் இருந்தது. ஆனால் துரையின் மேசைக்குக் கறி சமைத்த அதே கை, ஊர்த் தெருவில் தீண்டத்தகாத கையாகவே நடத்தப்பட்டது. கறி உயர்ந்த மேசைக்கு ஏறியது, சமைத்தவர் ஏறவில்லை.

பௌத்தராக இருந்த சிதறுண்ட மக்கள் மாட்டுக்கறியை விடாததே தீண்டாமையின் வேர் என்று அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அப்படியானால் கறியை விட்டால் தீண்டாமை போய்விடுமா? தருமபுரி மாவட்டமே பதில் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் மொரப்பூர் வட்டாரத்தில் விவசாய வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் ஊற்றினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி இருவர் கைதானார்கள். தேநீரில் மாட்டுக்கறி இல்லை. விலக்கப்பட்டது உணவு அல்ல, குடிக்கிற வாய்.

பணம் வந்தால் மாறுமா? லாஸ் வேகாஸில் அந்த உணவகம் திறந்த அதே 2012இல், நவம்பர் 7 அன்று, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. பெங்களூரு போன்ற நகரங்களில் உழைத்துக் கட்டிய வீடுகள், வாங்கிய வண்டிகள், பீரோக்கள் எரிந்தன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நம் மக்கள் நாலு காசு சேர்த்து நிமிர்ந்ததன் மீதும் அந்த நெருப்பு வைக்கப்பட்டது.

அரசின் மேசை எப்படி? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழாவை அறிவித்தது. பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. அந்த ஊரில் அன்றாடம் விற்கிற, உண்கிற உணவு அது. எதிர்ப்பு எழுந்தது, மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. கடையில் விற்கலாம், அரசு விழாவில் கூடாது என்றால், அது சுவை பற்றிய முடிவு அல்ல.

கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஹோட்டல்களிலும் சாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழிக்கிறது. நுழையும் உரிமையை இவை தந்தன. என்ன உண்பது, எந்தப் பாத்திரத்தில் குடிப்பது, யார் அருகில் உட்காருவது என்ற உரிமையை நாம் ஊர் ஊராக நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் தனிக்குவளை எப்போது ஒழிந்தது, யார் போராடி ஒழித்தார்கள், இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். துரை வீட்டிலும் ஹோட்டலிலும் சமைத்த பாட்டன் பாட்டிகளின் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் ஒருவரின் பெயர் ஹோட்டல் வாசலில் ஒளிரும் காலத்தில், நம் சமையல்காரர்களின் பெயர்கள் நம் ஏடுகளிலாவது இருக்கட்டும்.