இலவசக் கல்வியும் கற்கும் கருவியும்

கல்வியின் விலை என்றதும் பாடசாலைக் கட்டணமே பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது. ஆனால் கட்டணம் அவ்விலையின் ஒரு பகுதி மாத்திரமே. எழுதுவதற்கு ஒன்று வேண்டும். வாசிப்பதற்கு ஒன்று வேண்டும். இக்கருவிகளை யார் கொடுப்பது என்ற வினாவை முன்வைத்து நோக்குமிடத்து, நமது நாட்டின் கல்வி வரலாறு வேறொரு கோலத்திலே தோன்றுகின்றது.

திண்ணைப் பள்ளியிற் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகியது. பின்னர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியது. வடபுலத்திற் பனைக்குப் பஞ்சமில்லை. கருவி மலிவாகவே கிடைத்தது. ஆயினும் கல்வி எல்லார்க்கும் கிடைக்கவில்லை. சாதியும் பால் வேற்றுமையும் வாசலிலே நின்று மறித்தன. ஆகவே கருவியின் மலிவு ஒன்றே கல்வியைப் பொதுச்சொத்தாக்கிவிடாது என்பதைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் வேண்டும். பழமையைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய பின், கடதாசியும் அச்சுப் புத்தகமும் பாடசாலைக்குள் வேரூன்றின. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், அச்சியந்திரத்தின் வலிமையை நன்குணர்ந்தவர். படிமுறையான பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிடுவித்தார். அவருடைய சமூக நோக்கின் எல்லைகளை நாம் அறிவோம். எனினும் பாடசாலையை நடத்துபவரே பாடநூலுக்கும் பொறுப்பாவார் என்ற முன்மாதிரி அங்கே காணப்படுகின்றது.

பிரித்தானியர் ஆட்சியிற் கல்வி இரண்டு தட்டுகளாயிற்று. சுயமொழிப் பாடசாலைகளிற் கட்டணமில்லை. ஆனால் அக்கல்வி உத்தியோகத்துக்கோ உயர்கல்விக்கோ இட்டுச் செல்லவில்லை. அவற்றுக்கு வழிதிறந்த ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் அறவிட்டன. இப்பிளவை உடைப்பதற்கே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வசதி படைத்தோரின் எதிர்ப்புகளை மீறி, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதித்தமைக்கு இதுவே அடிப்படை.

ஆயினும் அன்று இலவசமானது கட்டணம் மாத்திரமே. புத்தகம், கொப்பி, பேனை, உடுப்பு என்பன குடும்பத்தின் தோளிலேயே தங்கிவிட்டன. அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பியும், தம்பி படித்ததை அயல்வீட்டுப் பிள்ளையும் படிப்பது வழமையாயிற்று. பாடத்திட்டம் மாறும் ஆண்டு ஏழைக் குடும்பத்துக்கு இடியாக விழுந்தது.

இந்நிலை மாறியது 1980இல். அவ்வாண்டிலே பாடநூல்களை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 1993இற் சீருடைத் துணியும் அவ்வாறே வழங்கப்பட்டது. இங்கு ஒரு செய்தி சிந்தனைக்குரியது. 1977இற் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, உணவு மானியத்தைக் குறைத்து முத்திரை முறையைக் கொணர்ந்த அதே ஆட்சியே பாடநூலை இலவசமாக்கிற்று. சந்தையையே நம்பிய ஓர் ஆட்சியும் ஒரு நியாயத்தை ஏற்கவேண்டியதாயிற்று: எந்தப் பொருளின்றிக் கற்கவியலாது என்று அரசு விதிக்கின்றதோ, அந்தப் பொருளைக் கொடுக்கும் கடமையும் அரசுக்கே உண்டு.

இந்த நியாயம் முறிந்த காலத்தை நாம் அனைவரும் கண்டோம். 2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. நேத்ரா அலைவரிசையிலே தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாகின என்பது உண்மை. பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருந்த ஒரு கருவியை அது பயன்படுத்திக்கொண்டது. ஆனால் நாள்தோறும் நடந்த கற்பித்தல் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் நகர்ந்தது. அக்காலத்திலே ஏறத்தாழ ஐந்து வீடுகளுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தமையை அரசின் புள்ளிவிபரங்களே காட்டுகின்றன. தோட்டப்புறங்களில் நிலைமை இன்னும் கீழானது. எஞ்சியோர் திறன்பேசியையே நம்பவேண்டியதாயிற்று.

2020இற் பெருந்தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. 2021 மார்ச்சில் நாட்கூலி மொத்தமாக 1000 ரூபாவாயிற்று. இக்கூலியில் எளியதொரு திறன்பேசியை வாங்குவதென்றாற் பல வாரங்களின் உழைப்பை அப்படியே கொடுத்துவிட வேண்டும். அதன் பின்னரும் செலவு ஓயவில்லை. டேட்டாவுக்கு மீண்டும் மீண்டும் காசு வேண்டும். மூன்று பிள்ளைகள், ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலையால் திரும்பிய பின்னரே கைக்கு வரும். அலைவரிசை கிடைக்காத மலைக்கிராமங்களிற் பிள்ளைகளும் ஆசிரியரும் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்த காட்சிகளை 2021இல் உலகச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அவற்றை விடாமுயற்சியின் சின்னங்களாக மெச்சியோர் பலர். உரிமை மறுப்பின் சின்னங்களாகக் கண்டோர் சிலரே. அதே ஆண்டு யூலையிற் சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அதுவரை அக்கற்பித்தலின் செலவை ஆசிரியர் பலர் தம் பையிலிருந்தே கொடுத்து வந்தனர்.

பெருந்தொற்றைத் தொடர்ந்து பொருளாதாரம் சரிந்தது. 2022 மார்ச்சிற் கடதாசியும் மையுமின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே ஆண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ரூபாவின் வீழ்ச்சியால் இறக்குமதிக் கருவிகள் எட்டாத உயரத்துக்குச் சென்றன. 2024 சனவரியிற் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசியும் அவ்வரிக்குட்பட்டது. கற்றலுக்குத் திறன்பேசி வேண்டும் என்ற வழக்கை வளரவிட்ட அரசே, அதன்மீது வரியையும் விதித்தது!

பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் பலவாயினும் அவ்வழக்கு மறையவில்லை. வீட்டுவேலையும் குறிப்பும் மாதிரி வினாத்தாளும் வட்ஸ்அப் குழுவிலே வருகின்றன. அவற்றைக் கடையில் அச்செடுக்கும் செலவு பெற்றோருடையது. பெயர்பெற்ற பாடசாலைகளிலே திறன்பலகைக்கும் ஒளியெறிகருவிக்கும் வகுப்புவாரியாகப் பணம் சேர்க்கப்படுகின்றது. இதனை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை என்பர். கொடுக்கவியலாத தாய் பெற்றோர் கூட்டத்துக்கு வராது ஒதுங்கும்போது, கட்டாயத்தின் உண்மை உருவம் தெரிந்துவிடுகின்றது. பணம் சேர்க்கவியலாத சிறிய பாடசாலையோ பழைய கரும்பலகையோடு பின்தங்குகின்றது. கன்னங்கரா குழு உடைக்க முயன்ற இரண்டு தட்டுகள் இவ்வாறு மறுபடியும் உருவாகின்றன. முன்னர் ஆங்கிலம் பிரித்தது, இன்று கருவி பிரிக்கின்றது.

கருவியை வெறுப்பது முற்போக்காளர் கொள்கையன்று. அச்சியந்திரம் அறிவைப் பரப்பியதுபோற் கணினியும் பரப்பவல்லது. அது யாருடைய செலவில், யாருடைய கையில் இருக்கின்றது என்பதே வினா. 1980இற் பாடநூலுக்கு ஏற்கப்பட்ட நியாயம் இன்றைய கருவிக்கும் பொருந்தும். அரசு கொடுக்கவேண்டும்; அல்லது பாடசாலையிலேயே வைத்து, பாடசாலை நேரத்திலேயே பயன்படுத்தச் செய்தல் வேண்டும். இவ்விரண்டுமில்லாதவிடத்து, அக்கருவி இல்லாத பிள்ளை எதனையும் இழக்காதவாறு பாடத்தை அமைத்தல் வேண்டும்.

இம்மூன்றாவது காரியத்துக்குச் சுற்றறிக்கையைக் காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பைக் குழுவில் அனுப்புமுன், அது எந்தப் பிள்ளையைச் சென்றடையாது என்று எண்ணிப் பார்ப்பது ஆசிரியராகிய நம் கையில் உள்ளது. ஏனைய இரண்டுக்கும் ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் ஒன்றுபட்டுக் குரல் கொடுத்தல் வேண்டும். 1945இல் வென்றெடுத்த உரிமை எந்தப் பாராளுமன்றத்திலும் நீக்கப்படவில்லை. ரசீது ரசீதாகவே கரைந்துகொண்டிருக்கின்றது.